தரையை ரெண்டு தட்டு தட்டிட்டு தான் மணிகிட்ட போவா

எங்க வீட்டு ஹால்ல ஒரு போட்டோ மாட்டியிருந்துச்சு. பாப்பாவுக்கு அப்ப ஒன்றரை வயசு இருக்கும். எங்க நாய் மணி கழுத்தை ரெண்டு கையாலயும் இறுக்கிக் கட்டிக்கிட்டு, கன்னத்தை அவன் காது மேல வெச்சு அழுத்திக்கிட்டு, கண்ணை மூடி சிரிச்சிட்டு இருப்பா. வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நிப்பாங்க, "என்ன பாசம் பாருங்க"ன்னு சொல்லாம போனவங்க கெடையாது. நானும் அப்படி தான் நெனச்சேன், ரொம்ப நாள் என் போன்ல வால்பேப்பரே அது தான்.

போன வருஷம் அதை நானே கழட்டி உள்ள வெச்சுட்டேன். ஏன்னா அந்த போட்டோல நாங்க எல்லாரும் பாப்பாவை மட்டும் தான் பாத்திருக்கோம், மணியை ஒருத்தரும் பாக்கல. அவன் மூஞ்சியை மட்டும் பெருசு பண்ணிப் பாத்தேன். காது ரெண்டும் பின்னாடி போயி தலையோட ஒட்டிக் கெடக்கு. தலை அந்தப் பக்கம் திரும்பியிருக்கு, ஆனா கண்ணு மட்டும் இந்தப் பக்கம், கருவிழி ஓரத்துக்குப் போயி வெள்ளை மட்டும் பிறை மாதிரி தெரியுது. நாக்கு நுனி வெளிய வந்து மூக்கை நக்குது. நாயோட பழகினவங்க யாரை வேணும்னாலும் கேளுங்க, இது சந்தோஷமா இருக்கற நாயோட மூஞ்சி இல்ல, யாராவது வந்து என்னை விடுவிச்சா தேவலன்னு கேக்கற மூஞ்சி. அதுவும் யாரைப் பாத்து கேக்கறான்னா என்னைப் பாத்து. நான் அந்த நேரத்துல போட்டோ எடுத்துட்டு நின்னிருக்கேன்.

பாப்பாவோட பாசம் பொய்னு நான் சொல்ல வரல. அந்தக் கட்டிப்பிடி அவ மனசுல இருந்து வந்தது தான். ஆனா அவ மணி மேல வெச்சிருக்கற பாசம்னு இன்னிக்கு நான் எதை சொல்றேனோ அது அந்த போட்டோல இல்ல, அது வேற. அதை அவ எப்படிக் கத்துக்கிட்டான்னு எழுதி வெக்கணும்னு ரொம்ப நாளா ஆசை.

மணி எங்ககிட்ட வந்தப்ப ரெண்டு மாசக் குட்டி, பாப்பா பொறக்க அப்புறம் இன்னும் ஆறு வருஷம் ஆச்சு. அந்த ஆறு வருஷமும் வீட்டுல குழந்தைன்னா அவன் தான். நான் உண்டானதும் ஆளாளுக்கு சொல்ல ஆரம்பிச்சாங்க, கைக்குழந்தை இருக்கற வீட்டுல நாய் எதுக்கு, யாருக்காவது குடுத்துடுங்கன்னு. என் மாமியாரும் சொன்னாங்க, ஆனா அவங்க சொன்னதுல பயம் தான் இருந்துச்சு, வெறுப்பு இல்ல. அந்தப் பயத்துலயும் நியாயம் இருக்குன்னு நான் ஒத்துக்கறேன். நாயோட வயித்துல இருக்கற உருண்டைப்புழுவோட முட்டை மண்ணு வழியா குழந்தை கைக்கு வரும், கையில இருந்து வாய்க்குப் போகும். அதனால மணிக்கு பூச்சி மருந்து, வெறிநாய்க்கடி தடுப்பூசி எல்லாம் தேதி தவறாம போட்டோம். என் வீட்டுக்காரர் ஒரு நோட்டே போட்டு எழுதி வெச்சார்.

பாப்பா பொறந்த அன்னிக்கு அவளைச் சுத்தியிருந்த துணியை அவர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி மணிகிட்ட குடுத்தாராம். நம்ம மூக்குல வாசனையை வாங்கற செல்கள் 50, 60 லட்சம் தான், நாய்க்கு 20 கோடிக்கும் மேல. நமக்கு அது வெறும் பால் வாசனை அடிக்கற துணி, அவனுக்கு அது ஒரு முழு ஆளு. பத்து நிமிஷம் அந்தத் துணியை விட்டு அவன் மூக்கை எடுக்கவே இல்லன்னு அவர் சொன்னார். அதனாலயோ என்னவோ நாங்க குழந்தையைத் தூக்கிட்டு உள்ள வந்தப்ப அவன் குதிக்கல, குரைக்கல, கிட்ட வந்து அவ காலை ஒரு தடவை மோந்துட்டு, தொட்டில் போட்டிருந்த ரூமுக்கு எங்களுக்கு முன்னாடி போயி வாசப்படியில படுத்துக்கிட்டான். அப்பவும் ரெண்டு பேரையும் ஒரு நிமிஷம் கூட தனியா விடல, அதுல மட்டும் நாங்க ஆரம்பத்துல இருந்தே கவனமா இருந்தோம்.

பாப்பா தவழ ஆரம்பிச்சப்ப ரெண்டு பேரும் ஒரே உயரம். அதை நான் கீழ உக்காந்து பாக்கற வரைக்கும் எனக்கு உறைக்கவே இல்ல. நாம எல்லாரும் அவளுக்கு முழங்கால் தான், அண்ணாந்தா தான் மூஞ்சி. மணி மட்டும் தான் அவ எங்க திரும்பினாலும் நேருக்கு நேர் மூஞ்சியா இருந்தான். நாய்ங்க விளையாடக் கூப்பிடறப்ப ஒண்ணு பண்ணும் பாத்திருப்பீங்க, முன்னங்கால் ரெண்டையும் தரையில நீட்டி நெஞ்சைத் தாழ்த்தி பின்பக்கத்தை மட்டும் தூக்கி வெச்சுக்கும், இது சண்டை இல்ல விளையாட்டுன்னு சொல்ற பாஷை அது. பாப்பா நடக்கறதுக்கு முன்னாடியே அதைக் கத்துக்கிட்டா. முழங்கையை தரையில ஊனி டயப்பர் கட்டின பின்பக்கத்தைத் தூக்கிக்கிட்டு அவனைப் பாப்பா பாக்கறதும், அவன் அரை செகண்ட் அப்படியே நின்னுட்டு தானும் அதே மாதிரி குனியறதும். அவளுக்கு வந்த முதல் வார்த்தை "ணீ". அம்மா, அப்பா எல்லாம் அதுக்கப்புறம் தான். எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல, அந்த வீட்டுல அவ கூட ஓயாம இருந்த ஆளு பேரை தானே மொதல்ல சொல்லுவா.

அப்படியே ரெண்டரை வயசு ஆச்சு. ஒரு மத்தியானம். நான் துணி மடிச்சிட்டு இருந்தேன், மணி ஜன்னல் பக்கம் வெயில்ல ஒருக்களிச்சுப் படுத்து நல்லாத் தூங்கிட்டு இருந்தான், தூக்கத்துலயே கால் துடிச்சிட்டு இருந்துச்சு. பாப்பா கட்டில்ல இருந்து எறங்கி ஓடி வந்தா, வந்த வேகத்துல அப்படியே அவன் இடுப்பு மேல விழுந்து கட்டிக்கிட்டா. அவன் தூக்கி வாரிப்போட்டு எந்திரிச்சான். வாயில இருந்து ஒரு சத்தம் வந்துச்சு, அதுக்கு முன்னாடி எட்டு வருஷத்துல நான் கேக்காத சத்தம், தொண்டைக்கு அடியில இருந்து உருண்டு வர்ற உறுமல், மேல் உதடு மடங்கி பல்லு தெரிஞ்சுது. அவ்வளவு தான், கடிக்கல, தொடக்கூட இல்ல, உறுமிட்டு அவனே நாலடி தள்ளிப் போயி சுவரோட ஒட்டி நின்னுக்கிட்டான். உடம்பு நடுங்குது. பாப்பா அவனைப் பாத்து சிரிக்கிறா. "மணி சிரிக்கிறான்மா"ங்கறா.

எனக்கு அந்த வார்த்தை தான் இன்னும் காதுல நிக்குது. பின்னாடி தான் தெரிஞ்சுக்கிட்டேன், சின்னக் குழந்தைங்க நாய் பல்லைக் காட்டினா அதை சிரிப்புன்னு எடுத்துக்கறது ஆராய்ச்சியிலயே திரும்பத் திரும்ப பாத்திருக்காங்க, நாலு வயசுக் குழந்தைங்க வரைக்கும் அப்படி ஏமாறுது. மனுஷ மூஞ்சியில பல்லு தெரிஞ்சா சந்தோஷம், அதே கணக்கை நாய்க்கும் போடுதுங்க. சின்னக் குழந்தைங்க வாங்கற நாய்க்கடியில பெரும்பாலானது தெருவுல போற தெரியாத நாயால இல்ல, வீட்டுல வளக்கற, நல்லாத் தெரிஞ்ச நாயால தான், அதுவும் மூஞ்சியில. கட்டிப்பிடிக்கறப்ப மூஞ்சியும் மூஞ்சியும் தானே கிட்ட இருக்கு.

அன்னிக்கு வீட்டுல பெரிய கலவரம். மாமியார் குழந்தையைத் தூக்கி வெச்சுக்கிட்டு எறக்கவே இல்ல. என் வீட்டுக்காரர் மணியை அதட்ட கையை ஓங்கிட்டார், நான் தான் தடுத்தேன், ஏன் தடுத்தேன்னு அப்ப எனக்கே தெரியாது. மறுநாள் காலையில மணியைக் கூட்டிட்டு டாக்டர்கிட்ட போனோம். அந்த டாக்டரம்மா நாங்க சொன்னதெல்லாம் கேட்டுட்டு மொதல்ல கேட்ட கேள்வி, "உறுமினதுக்கு அடிச்சீங்களா?" இல்லன்னதும் தான் அவங்க மூஞ்சி இளகுச்சு. உறுமல் தாங்க நாய் நமக்குக் குடுக்கற எச்சரிக்கை, அதை அடிச்சு நிறுத்திட்டீங்கன்னா அடுத்த தடவை எச்சரிக்கை இருக்காது, நேரா கடி தான் இருக்கும், இவன் உங்க குழந்தைக்கு நல்லது தான் பண்ணியிருக்கான்னு சொன்னாங்க. அப்புறம் அவன் பின்னங்காலைப் புடிச்சு மெதுவா பின்னாடி நீட்டினாங்க. முகத்தைத் திருப்பி அவங்க கையைப் பாத்தான், நாக்கு நுனி வெளிய வந்து மூக்கை நக்குச்சு. எக்ஸ்ரே எடுத்தாங்க. இடுப்பு மூட்டு ரெண்டும் தேஞ்சிருக்கு, வலி ரொம்ப நாளாவே இருந்திருக்கணும்னாங்க.

ரொம்ப நாளாவே. பாப்பா அவன் மேல ஏறி உக்காந்தப்ப எல்லாம், இடுப்பைக் கட்டிக்கிட்டு தொங்கினப்ப எல்லாம், நாங்க எல்லாரும் "பாரேன், எவ்வளவு பொறுமை"ன்னு மெச்சிக்கிட்டப்ப எல்லாம் அவனுக்கு வலிச்சிருக்கு. அந்த எக்ஸ்ரே படத்தைப் பாத்துட்டு வந்து அன்னிக்கு ராத்திரி நான் ரொம்ப நேரம் அவன் பக்கத்துல தரையில உக்காந்திருந்தேன்.

மருந்து ஆரம்பிச்சுது, அவனுக்குன்னு மெத்தை வாங்கினோம், அந்த மெத்தையைச் சுத்தி யாரும் தாண்டக்கூடாதுன்னு தரையில டேப் ஒட்டினோம். அதெல்லாம் சுலபம். பாப்பாவுக்குப் புரிய வெக்கறது தான் கஷ்டம். ரெண்டரை வயசுக் குழந்தைகிட்ட "தொடாதே"ன்னு சொல்லலாம், ஆனா தொடாதேங்கறது மட்டும் கத்துக்கிட்ட குழந்தைக்கு பயம் தான் வரும், இல்ல திருட்டுத்தனம் வரும். டாக்டரம்மா ஒரு வழி சொல்லிக் குடுத்தாங்க. நாம அவன்கிட்ட போகக்கூடாது, நாம உக்காந்துக்கிட்டு கூப்பிடணும், அவன் வந்தா தான் உண்டு. வந்தா தலையில தட்டக்கூடாது, நெஞ்சுப் பக்கமோ தோள் பக்கமோ மூணு எண்ணற வரைக்கும் தடவணும், தடவிட்டு கையை எடுத்துடணும். எடுத்துட்டு அவன் என்ன பண்றான்னு பாக்கணும். மூக்கால கையை முட்டினாலோ இன்னும் கிட்ட வந்து சாஞ்சாலோ அவனுக்கு வேணும்னு அர்த்தம். சும்மா நின்னாலோ, மூஞ்சியைத் திருப்பினாலோ, நகந்து போனாலோ போதும்னு அர்த்தம்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. போதுமா மணி?" பாப்பா எண்ணக் கத்துக்கிட்டதே இதுல தான். மூணுக்கு மேல எண்ண வர்றதுக்கு ரொம்ப நாள் ஆச்சு, தேவையும் படல. மூணு எண்ணிட்டு கையைத் தூக்கி ரெண்டு காதுகிட்டயும் வெச்சுக்குவா, போலீஸ்கிட்ட சரண்டர் ஆன மாதிரி, எடுத்துட்டேன் பாருன்னு அவனுக்குக் காட்டறதுக்கு. அவன் அந்தக் கையை அண்ணாந்து பாத்துட்டு மூக்கால முழங்கையை முட்டுவான். "இன்னும் வேணுமாம்மா"ன்னு வீடே கேக்கற மாதிரி கத்துவா.

ஆனா எல்லா நாளும் முட்டமாட்டானே. ஒரு நாள் சாயங்காலம், அவளுக்கு மூணு வயசு முடியப் போற சமயம், வெளிய விளையாடறப்ப யாரோ புள்ளைங்க அவளைச் சேத்துக்கல, அழுதுக்கிட்டே வந்தா. வந்து நேரா ஹால்ல சம்மணம் போட்டு உக்காந்து "மணி வாடா"ன்னு கூப்பிட்டா. வந்தான். மூணு எண்ணினா. கையை எடுத்தா. அவன் ரெண்டு செகண்ட் நின்னுட்டு திரும்பி தன்னோட மெத்தைக்குப் போயிட்டான். அன்னிக்கு அவனுக்கு வலி ஜாஸ்தியா இருந்திருக்கும், மழை வேற. பாப்பாவோட கை இன்னும் காதுகிட்டயே இருக்கு. உதடு பிதுங்குது. எனக்கு ஓடிப்போயி அவனைத் தூக்கிட்டு வந்து அவ மடியில விடணும் போல இருந்துச்சு, குழந்தை அழுதா எந்த அம்மாவுக்கும் அது தானே தோணும். நான் போகல. அவளும் எந்திரிக்கல. அந்த டேப் வரைக்கும் உக்காந்தபடியே நகந்து போனா, டேப்புக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டா, அவனைப் பாத்து "வலிக்குதா? சரி, அப்புறம்"னு சொன்னா. சொல்லிட்டு அங்கயே குப்புறப் படுத்துக்கிட்டு கொஞ்ச நேரம் அழுதா. அவன் எந்திரிக்கல, ஆனா அந்த நேரம் பூரா கண்ணை மூடவும் இல்ல, அவளையே பாத்துட்டு படுத்திருந்தான்.

எங்க வீட்டுப் பொண்ணு மணி மேல பாசமா இருக்கான்னு யாராவது கேட்டா எனக்கு ஞாபகம் வர்றது அந்த சாயங்காலம் தான்.

அந்தக் கண்ணைப் பத்தி ஒண்ணு சொல்லணும். 2015ல ஜப்பான்ல அஸாபு பல்கலைக்கழகத்துல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. நாயும் அதை வளக்கறவங்களும் ஒருத்தரை ஒருத்தர் அதிக நேரம் கண்ணோட கண்ணு பாத்துக்கிட்டா ரெண்டு பேர் உடம்புலயும் ஆக்ஸிடோசின் கூடுதாம், தாய்க்கும் கைக்குழந்தைக்கும் நடுவுல சுரக்கற அதே ஹார்மோன். மனுஷங்க கையில வளந்த ஓநாய்ங்களை வெச்சும் பாத்தாங்க, அதுங்ககிட்ட அது நடக்கல. அப்படின்னா இந்தப் பார்வை நாய் நம்ம கூட வாழ ஆரம்பிச்சப்புறம் வந்தது. படிச்சதும் டேப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் படுத்துக்கிட்டு பாத்துக்கிட்ட ரெண்டு பேரும் தான் எனக்கு ஞாபகம் வந்தாங்க. ஆனா இது நம்ம நாய்க்கு மட்டும். தெரியாத நாயை உத்துப் பாத்தா அது மிரட்டல்னு எடுத்துக்கும், பாப்பாகிட்ட இதை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். வெளிய எந்த நாயாவது கிட்ட வந்தா ஓடக்கூடாது, கத்தக்கூடாது, கையைக் கீழ போட்டுட்டு மரம் மாதிரி நிக்கணும், கண்ணு தரையைப் பாக்கணும். மீறி நாய் கடிச்சாலோ பல்லு பட்டு லேசாக் கீறினாலோ உடனே சோப்பு போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும், கழுவிட்டு அதே நாள் ஊசி போடணும், காயம் சின்னது தானேன்னு விடவே கூடாது. ரேபிஸ் அறிகுறி வந்துடுச்சுன்னா காப்பாத்தறது கிட்டத்தட்ட முடியாத காரியம், ஆனா வர்றதுக்கு முன்னாடி ஊசி போட்டா தடுத்துடலாம். 1885ல லூயி பாஸ்டர் அந்தத் தடுப்பூசியை முதல்ல போட்ட ஜோசப் மைஸ்டருக்கு ஒன்பது வயசு தான், அவன் பொழைச்சு பெரியவனா வளந்தான். குழந்தைங்களும் நாய்ங்களும் இருக்கற வீட்டுல இதெல்லாம் எல்லாருக்கும் மனப்பாடமா இருக்கணும், பாசம் இருக்குங்கறதுக்காக இதுல ஏமாந்துடக்கூடாது.

பாப்பா லேட்டா தான் பேசினா. நாலு வயசுலயும் வெளியாளுங்க முன்னாடி வாயைத் திறக்கமாட்டா, ஸ்கூல்ல டீச்சர் கேட்டா தலையை மட்டும் ஆட்டுவா. வீட்டுக்கு வந்ததும் மணி பக்கத்துல உக்காந்து அன்னிக்கு நடந்தது எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொல்லுவா, யாரு யாரைத் தள்ளிவிட்டா, யாரு பென்சிலை யாரு எடுத்தா எல்லாமே. நான் சமையக்கட்டுல இருந்து கேட்டுக்குவேன். எங்களுக்கு அவ ஸ்கூல் பத்தித் தெரிஞ்சதெல்லாம் மணி மூலமா தான். போரிஸ் லெவின்சன்னு ஒரு குழந்தைகள் மனநல நிபுணர், அவர்கிட்ட வந்த பேசாத பையன் ஒருத்தன் அவரோட நாய் ஜிங்கிள்ஸ்கிட்ட மட்டும் பேச ஆரம்பிச்சதைப் பாத்துட்டு தான் சிகிச்சையில நாயையும் சேத்துக்கலாம்னு 1962லயே கட்டுரை எழுதினார். 1999ல அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல, படிக்கத் தடுமாறற குழந்தைங்களை நாய்க்கு உக்காந்து கதை படிச்சுக் காட்ட வெக்கற திட்டம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அது ஏன் வேலை செய்யுதுன்னு எனக்கு விளக்கவே வேண்டாம். பாப்பா எழுத்துக்கூட்டிப் படிக்கறப்ப நான் பக்கத்துல இருந்தா என் வாய் சும்மா இருக்காது, "ல" இல்லம்மா "ள"ன்னு திருத்திடுவேன், அவ புத்தகத்தை மூடிடுவா. மணி திருத்தமாட்டான். ஒரே பக்கத்தை ஏழு தடவை படிச்சாலும் அவன் முன்னங்கால் மேல தாடையை வெச்சுக்கிட்டு கேப்பான்.

இன்னொண்ணு. அவளுக்கு ஒரு சிவப்பு பந்து இருந்துச்சு, புல்லுல உருட்டிவிட்டா மணி தேடித்தேடி சுத்துவான், கண்ணு முன்னாடியே கெடக்கும், மோந்து தான் கண்டுபிடிப்பான். அவனுக்கு சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி மங்கலா தான் தெரியும், நீலமும் மஞ்சளும் தான் நல்லாத் தெரியும்னு அவ அப்பா சொன்னார். நாய் கண்ணுல நிறம் பிரிக்கற செல்லு ரெண்டு வகை தான், நமக்கு மூணு. அடுத்த நாள் அந்த சிவப்பு பந்தைக் கொண்டுபோயி அலமாரியில வெச்சுட்டா. அவளுக்கு ரொம்பப் பிடிச்ச பந்து அது. அதுக்கப்புறம் நீலப் பந்து தான். ஒரு நாள் ஒரு படம் வரைஞ்சு ஃப்ரிட்ஜ்ல கீழ, தரையில இருந்து ரெண்டடி உயரத்துல ஒட்டியிருந்தா, மரம் நீலம், வீடு மஞ்சள், மரம் பச்சையா இருக்கணுமே பாப்பான்னு பாட்டி கேட்டதுக்கு, "இது மணி பாக்கறதுக்கு பாட்டி"ன்னா.

இப்ப பாப்பாவுக்கு ஏழு. மணிக்கு பதிமூணு. நாயோட ஒரு வருஷம் நமக்கு ஏழு வருஷம்னு எல்லாரும் சொல்லுவாங்க, அந்தக் கணக்கு சரி இல்ல. 2020ல சான் டியாகோவுல இருக்கற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்காரங்க லேப்ரடார் நாய்ங்களோட டிஎன்ஏவுல வயசாக ஆக வர்ற மாற்றத்தை மனுஷங்களோட ஒப்பிட்டு ஒரு கணக்கு போட்டாங்க. குட்டியா இருக்கறப்ப வயசு ரொம்ப வேகமா ஓடுது, ஒரு வயசு நாய் நம்ம முப்பது வயசு ஆளு மாதிரி, அப்புறம் போகப் போக நிதானமாகுது. அந்தக் கணக்குப்படி பதிமூணுன்னா நம்ம வயசுல 72 வருது. மணி லேப்ரடார் இல்ல தான், ஒரு உத்தேசத்துக்கு பாப்பாகிட்ட சொன்னேன். "அப்போ பாட்டியை விட பெரியவனா?" பாட்டிக்கு 68. ஆமான்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அன்னிக்கு சாயங்காலம் ஹால்ல இருந்து குரல் கேட்டுச்சு. "மணி, வாங்க. தண்ணி குடிக்கறீங்களா?" அதுல இருந்து வாடா போடா எல்லாம் நின்னு போச்சு, வாங்க போங்க தான். பாட்டி கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு சிரிச்சாங்க, அப்புறம் அவங்களும் மணியை வாங்க போங்கன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க.

வயசோட வர்றது எல்லாம் வந்துடுச்சு. கண்ணுல நீலமா ஒரு புகை படிஞ்சிருக்கு, அது வயசான நாய்க்கு வர்றது தான், பார்வையை ரொம்பக் கெடுக்கலன்னு டாக்டரம்மா சொன்னாங்க. முகவாய் பூரா நரை. மாடிப்படி ஏறறதில்ல, அதனால பாப்பா தன்னோட படுக்கையைக் கீழ கொண்டு வந்துட்டா. காது தான் கொஞ்சம் கொஞ்சமா போயி, இந்த வருஷ ஆரம்பத்துல இருந்து சுத்தமா கேக்கல. ஒரு காலத்துல நம்ம காதுக்கு எட்டாத சத்தத்துக்கெல்லாம் தலையைத் தூக்கினவன், இப்ப கதவைப் படார்னு சாத்தினாலும் தூங்கிட்டு இருக்கான்.

"மணி எப்பம்மா சாவாங்க?"ன்னு ஒரு நாள் தலை பின்னிட்டு இருக்கறப்ப கேட்டா. அந்த வயசுல தான் குழந்தைங்களுக்கு சாவுன்னா திரும்பி வராததுன்னு நல்லாப் புரிய ஆரம்பிக்குது. சாமிகிட்ட போவாங்க, தூங்கிடுவாங்கன்னு எதையாவது சொல்லி மூடத் தான் என் வாயும் போச்சு. தூங்கிடுவாங்கன்னு சொன்னா ராத்திரி படுக்கையில கண்ணை மூடவே பயப்படும்னு எங்கயோ படிச்ச ஞாபகம் வந்து நிறுத்திக்கிட்டேன். தெரியாதுடா, ஆனா ரொம்ப வருஷம் இருக்கமாட்டாங்க, உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடும், அதுக்கப்புறம் அவங்களுக்கு வலிக்காது, நமக்கு தான் அழுகை வரும்னு சொன்னேன். அழுதா. நானும் அழுதேன், பின்னல் பாதியில நின்னுடுச்சு.

அன்னிக்கு ராத்திரி அவளுக்கு ஒரு கதை சொன்னேன், கதை இல்ல நெஜம். 1914ல ஜெர்மனியில பான் ஊர் பக்கத்துல ஓபர்காஸல்ங்கற இடத்துல கல்லு வெட்டறவங்க ஒரு பழைய புதைகுழியைக் கண்டுபிடிச்சாங்க. பதினாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி புதைச்சது. ஒரு ஆம்பள, ஒரு பொம்பள, கூடவே ஒரு நாய். நாய்னா பெரிய நாய் இல்ல, ஏழு மாசக் குட்டி. அதோட பல்லை வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணி 2018ல சொன்னாங்க, அதுக்கு சின்ன வயசுல டிஸ்டெம்பர்ங்கற, நாய்ங்களைக் கொல்லக்கூடிய வைரஸ் நோய் வந்திருக்கு, பல வாரம் படுத்த படுக்கையா கெடந்திருக்கும், யாராவது பக்கத்துல இருந்து பாத்துக்காம அவ்வளவு நாள் அது பொழைச்சிருக்கவே முடியாதுன்னு. நோயாளிக் குட்டி வேட்டைக்கு உதவாது, காவலுக்கு உதவாது. அப்படியும் பாத்திருக்காங்க.

"அதுக்கு யாரும்மா தண்ணி குடுத்தா?"

அந்த ரெண்டு பேர்ல யாரோ தான்டான்னேன். அவ கொஞ்சம் யோசிச்சா. "அங்க ஒரு பாப்பாவும் இருந்திருக்கும். அது தான் குடுத்திருக்கும்"னு அவளே முடிவு பண்ணிட்டு தூங்கிட்டா.

காது கேக்காத நாய் தூங்கறப்ப தொட்டா திடுக்குனு எந்திரிக்கும், பழைய மணின்னா உறுமலோட நின்னுச்சு, இப்ப என்ன ஆகும்னு சொல்ல முடியாது, ஜாக்கிரதைன்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. நான் அதை பாப்பாகிட்ட எப்படி சொல்றதுன்னு யோசிச்சிட்டு இருந்தேன். அதுக்குள்ள அவளே ஒண்ணு கண்டுபிடிச்சு வெச்சிருந்தா. ஒரு தடவை அவ கையில இருந்து தடியான புத்தகம் ஒண்ணு தொப்புன்னு தரையில விழுந்திருக்கு, அவன் உடனே கண்ணைத் திறந்து பாத்திருக்கான். காது கேக்கலன்னாலும் தரை அதிர்றது உடம்புக்குத் தெரியுது.

நேத்து ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சப்ப பாத்தேன். அவ தூக்கக் கலக்கத்துல படுக்கையை விட்டு வந்து அந்த டேப்புக்கு இந்தப் பக்கம் முட்டி போட்டு உக்காந்திருக்கா. டேப் எப்பவோ தேஞ்சு போச்சு, தரையில வெறும் கோடு தான் இருக்கு, இருந்தாலும் அதைத் தாண்டல. உள்ளங்கையால தரையை ரெண்டு தட்டு தட்டினா. காத்திருந்தா. மறுபடி ரெண்டு தட்டு. புகை படிஞ்ச அந்தக் கண்ணு ஒண்ணு மட்டும் மெல்லத் திறந்துச்சு.

"நான் தான் மணி. வரட்டுமா?"

கேக்காதுன்னு அவளுக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டா. அவன் தலையைத் தூக்கல. வாலை மட்டும் தூக்கி தரையில ரெண்டு தடவை தட்டினான்.